ஆடி அமாவாசைக்கு அத்தையைச் சக்கர நாற்காலியில் கடல்வரை கூட்டிப் போக வழி உண்டா?

வசந்தி, தெம்பனிஸ்:

வணக்கம். சிங்கப்பூரில் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்களும், வீட்டில் அப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களும் இங்கே இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன்.

என் மாமியாருக்கு 71 வயது. பக்கவாதம் வந்ததில் வலப்பக்கம் பலவீனமாகிவிட்டது. வீட்டுக்குள் நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு சில அடி நடப்பார். வெளியே போனால் சக்கர நாற்காலிதான். பேச்சும் ஞாபகமும் நன்றாக இருக்கின்றன.

மாமனார் தவறியபோது அத்தை மருத்துவமனையில் இருந்தார். அஸ்தி கரைக்கக் கடலுக்குப் போனபோது அவரால் வர முடியவில்லை. அது அவர் மனதில் அப்படியே தங்கிவிட்டது. இந்த ஆடி அமாவாசைக்கு என் கணவர் தர்ப்பணம் கொடுக்கும்போது தானும் பக்கத்தில் இருக்க வேண்டும், காலில் கடல் தண்ணீர் பட வேண்டும் என்கிறார். அவர் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். கடல் என்றால் அவருக்கு உயிர்.

சரி, முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போனோம். பாதை அருமையாக இருந்தது. கழிவறையிலும் நாற்காலி நுழைந்தது. ஆனால் பாதையை விட்டு மணலில் இறங்கியதும் முன்சக்கரங்கள் இரண்டும் புதைந்துவிட்டன. என் கணவர் தள்ளத் தள்ள நாற்காலி முன்பக்கமாகக் கவிழப் பார்த்தது. அத்தை பயந்துபோய், "போதும்பா, இங்கிருந்தே கும்பிட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். கண்ணுக்கு எதிரே கடல், கிட்டே போக வழியில்லை.

எந்தக் கடற்கரை சரிப்படும்? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.


சிவகாமி, பிடோக்:

வசந்தி, உங்கள் அத்தையின் ஆசை நடக்கக்கூடியதுதான். நான் முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவள். பல வருடமாகக் கையால் உருட்டும் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். கடலுக்குப் போவதை நான் விடவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நாளைப் பற்றி. அமாவாசை, பௌர்ணமி நாள்களில் கடல் மிக உயரமாக ஏறும், மிகத் தாழ்வாக இறங்கும். சிங்கப்பூரில் அந்த நாள்களில் மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் ஏறத்தாழ 3 மீட்டர் வித்தியாசம் வரும். நம் கடற்கரைகள் சரிவு குறைந்தவை. அந்த 3 மீட்டர் உயரம் தரையில் பல பத்து மீட்டர் தூரமாக விரிந்துவிடும். நீங்கள் போன நேரத்தில் கடல் வற்றியிருந்தால், தண்ணீரைத் தொட அவ்வளவு மணலையும் தாண்டியாக வேண்டும். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் போனால் அதே இடத்தில் தூரம் வெகுவாகக் குறைந்திருக்கும். எந்தக் கடற்கரை என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் முக்கியம்.

அமாவாசையை ஒட்டி இங்கே கடல் ஏற்றம் பெரும்பாலும் முற்பகலிலோ நண்பகலை ஒட்டியோ உச்சத்துக்கு வரும். கடல்துறை, துறைமுக ஆணையம் வெளியிடும் ஏற்ற இறக்க அட்டவணையில் அந்த நாளுக்கான நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சம் தாண்டித் தண்ணீர் பின்வாங்க ஆரம்பிக்கும்போது மணலில் இறங்குங்கள். அதற்கு இரண்டு காரணங்கள். இப்போதுதான் நனைந்து விலகிய மணல், காய்ந்த மணலைவிட இறுக்கமாக இருக்கும், சக்கரம் அவ்வளவு புதையாது. அப்புறம், தண்ணீர் உங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கும். ஏறிவரும் தண்ணீரில் நாற்காலி மாட்டிக்கொண்டால் அவசரப்பட வேண்டிவரும், அவசரத்தில்தான் ஆள் விழுவது.

இடம்: உங்களுக்கு ஈஸ்ட் கோஸ்டைவிட சாங்கி கடற்கரைப் பூங்கா வசதி என்று நினைக்கிறேன். நிக்கல் டிரைவ் ஓரமாக வரிசையாகக் கார் நிறுத்துமிடங்கள் இருக்கின்றன. வண்டியிலிருந்து இறங்கிப் புல்தரையைத் தாண்டினால் மணல். தர்ப்பணத்துக்கும் அஸ்தி கரைக்கவும் நம் ஆட்கள் அந்தப் பக்கம் வருவது வழக்கம் என்பதால் யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள், உதவிக்கு ஒரு கையும் கிடைக்கும். ஒரு நாள் முன்னதாகப் போய் மணலின் விளிம்பைப் பார்த்து வையுங்கள். சில இடங்களில் அலை அரித்து மணலைப் படி மாதிரி வெட்டி வைத்திருக்கும். அந்த இடங்களை விட்டுவிட்டு, மணல் வழுவழுப்பாகச் சரிந்து இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது நாற்காலி. உங்கள் அத்தையுடையதில் பின்சக்கரம் பெரியதா, சின்னதா? மடக்கிக் காரில் வைக்க வசதியாக இருக்கும் என்று பலரும் நான்கும் சின்னச் சக்கரமாக இருப்பதை வாங்குகிறார்கள். மின்தூக்கிக்கும் கடைத்தொகுதிக்கும் அது போதும், மணலுக்கு ஆகவே ஆகாது. அந்த ஒரு நாளுக்காவது பின்சக்கரம் பெரியதாக உள்ள ஒன்றை யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள். காற்றடிக்கும் டயராக இருந்தால் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். டயர் அகலமாக அமர்ந்து எடை பரவும். பாதைக்குத் திரும்பியதும் அடித்துக்கொள்ள ஒரு சைக்கிள் பம்பு போதும்.

முன்பக்கமாகத் தள்ளவே கூடாது. சின்ன முன்சக்கரங்கள் மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே போகும். அதனால்தான் உங்களுக்குக் கவிழப் பார்த்தது. நாற்காலியைத் திருப்பி, அத்தையின் முதுகு கடலைப் பார்க்கும்படி வைத்து, பின்சக்கரம் முதலில் போகும்படி இழுக்க வேண்டும். ஒருவர் கைப்பிடியைப் பிடித்து இழுக்க, இன்னொருவர் முன்னால் நின்று முன்சட்டத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். இடுப்புப் பட்டை கட்டாயம். இன்னும் நல்ல வழி, நாற்காலியைவிட அகலமான இரண்டு பிளைவுட் பலகைகள். ஒன்றின் மேல் நாற்காலியை ஏற்றி, அடுத்ததை முன்னால் போட்டு, ஏறியதும் பின்னால் இருப்பதை எடுத்து மறுபடி முன்னால் போட வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் யார் முதுகும் பிடிக்காது. தண்ணீர் ஓரத்தில் கடைசிப் பலகையின் மேலேயே நாற்காலியை நிறுத்தி, கடலைப் பார்க்கத் திருப்பி, பிரேக் போட்டுவிடுங்கள். அலை வந்து அத்தையின் காலைத் தானாகத் தொடும்.

மின்சார நாற்காலியாக இருந்தால் இதில் எதையும் செய்யாதீர்கள். எடை அதிகம், உப்புத் தண்ணீர் மோட்டாரைக் கெடுத்துவிடும்.

இவ்வளவும் உங்கள் குடும்பம் ஒரு நாளைச் சமாளிக்கச் சொன்னது. இனி எழுதுவது எல்லோருக்கும்.

இந்த ஊரில் சக்கர நாற்காலியில் இருப்பவளாக நான் நன்றி சொல்ல நிறைய இருக்கிறது. 1990ல் கட்டடங்களுக்கான அணுகல் விதிமுறை வந்தது. 2020 முடிவதற்குள் பொதுப் பேருந்துகள் அனைத்தும் சக்கர நாற்காலி ஏறக்கூடியவையாகிவிட்டன. ஓட்டுநர் இறங்கி வந்து பலகையை விரித்து என்னை ஏற்றி, பிரேக் போட்டிருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். என் வீட்டிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் பாதைவரை யார் உதவியும் இல்லாமல் நானே போய்விடுகிறேன். அது சின்ன விஷயம் இல்லை. அதற்காக எத்தனை பேர் எத்தனை காலம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் நம் கடற்கரைப் பாதைகள் எல்லாம் கடலுக்கு இணையாகவே ஓடுகின்றன. கடலை நோக்கித் திரும்பும் பாதை ஒன்றுகூட இல்லாத இடங்களே அதிகம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா 15 கிலோமீட்டர் நீளம். அந்த 15 கிலோமீட்டரும் நான் உருட்டிக்கொண்டு போகலாம். அதிலிருந்து தண்ணீருக்குள்ள கடைசிச் சில பத்து மீட்டர்தான் எனக்கு இல்லை. அந்தக் கடைசித் துண்டுக்காகத்தான் மற்றவர்கள் எல்லாம் கடற்கரைக்கு வருகிறார்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பு தேவையில்லை. சக்கரம் புதையாமல் உருள மணல்மேல் சுருட்டி விரிக்கும் கெட்டியான பாலியெஸ்டர் விரிப்புகள் பல நாடுகளில் வருடக்கணக்காகப் பயன்பாட்டில் இருக்கின்றன. பலூன் மாதிரி பருத்த டயர் உள்ள கடற்கரை நாற்காலிகள் இருக்கின்றன, சிலவகை தண்ணீரில் மிதக்கவும் செய்யும். இந்த விரிப்பும் இரண்டு நாற்காலியும் ஒரே ஒரு கடற்கரையில், வாரக் கடைசியில் மட்டுமாவது, பொறுப்பான ஓர் ஆளோடு இருந்தால் போதும். ஆள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு வெளிநாட்டுக் கடற்கரையில் நல்ல மிதக்கும் நாற்காலி ஒன்றைப் பூட்டிய கிடங்குக்குள் பார்த்தேன். சாவி யாரிடம் இருக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.


ரவி, ஈசூன்:

வசந்தி தங்கச்சி, இவ்வளவு யோசிக்க வேண்டாம். நாங்கள் எங்கள் அப்பாவை நாற்காலியோடு நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டுதான் தண்ணீருக்குப் போனோம். நாலு மூலையில் நாலு பேர், ஐந்து நிமிடம், வேலை முடிந்தது. அண்ணன் தம்பி, மச்சான் என்று நம் வீடுகளில் ஆள் இல்லாமலா போய்விடும்? வேண்டுமானால் சொல்லுங்கள், நானும் என் மகனும் வந்து ஒரு கை பிடிக்கிறோம். விரிப்பு, பலகை எல்லாம் வரும்போது வரட்டும்.


சிவகாமி, பிடோக்:

ரவி அண்ணே, முன்பின் தெரியாத குடும்பத்துக்கு வருகிறேன் என்று சொன்னீர்கள், அந்த மனசுக்கு நன்றி. உங்கள் அப்பாவுக்கு நீங்கள் செய்தது அன்பால் செய்தது. ஆனால் தூக்கப்படுகிறவள் என்ற முறையில் நான் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

மணலில் நடக்கும் நாலு பேருடைய கால்களும் ஒரே அளவு புதையாது. ஒருவர் தடுமாறினால் நாற்காலி சாய்கிறது, உள்ளே இருப்பவரால் கையூன்றித் தடுக்க முடியாது. வசந்தியின் அத்தைக்கு வலப்பக்கம் பிடிமானமே இல்லை. இன்னொன்று, பல நாற்காலிகளில் கைவைக்கும் சட்டமும் கால்வைக்கும் பலகையும் கழற்றி எடுக்கும்படி செய்யப்பட்டவை. அவற்றைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் அசையாத சட்டத்தை மட்டும் பிடியுங்கள். பிடிப்பதற்கு முன், உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லிவிட்டுப் பிடியுங்கள்.

பாதுகாப்பைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நாலு பேர் தூக்கினால்தான் கடல் என்றால், அந்த நாலு பேருக்கும் நேரம் கிடைக்கும் நாளில் மட்டும்தான் எனக்குக் கடல். எனக்குத் திடீரென்று ஒரு புதன்கிழமை சாயங்காலம் காலை நனைக்கத் தோன்றினால் என்ன செய்வது? தம்பிக்குப் போன் செய்து, மச்சானைக் கூப்பிட்டு, அவர்கள் அலுப்பைப் பார்த்து, சீக்கிரம் கிளம்பிவிட வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே தண்ணீரில் இருக்க வேண்டும். வயதான பெண்களுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஊர் பார்க்க ஆண்கள் நாலு பேர் தூக்கிப் போவதில் சேலை ஒதுங்கும், கூச்சமாக இருக்கும். அதைச் சொல்லவும் மாட்டார்கள், "எனக்குக் கடல் எல்லாம் வேண்டாம்" என்று மட்டும் சொல்வார்கள். வீட்டில் அதை நம்பிவிடுவோம்.

வசந்தி, அதனால் அத்தையிடமே கேளுங்கள். பலகை போட்டு மெதுவாகப் போவதா, தூக்கிக்கொண்டு போவதா, இல்லை வாளியில் கடல் தண்ணீர் கொண்டுவந்து காலில் ஊற்றினால் போதுமா என்று. வாளி என்று அவரே சொன்னால் அது முழுக்கச் சரி. நாம் முடிவு செய்து வாளியைக் கொண்டுபோய் நீட்டக் கூடாது.


மேகலா, உட்லண்ட்ஸ்:

நான் தாதியாக வேலை பார்க்கிறேன், பக்கவாதம் வந்த முதியவர்களோடுதான் தினமும். சிவகாமி அக்கா சொன்ன முறைகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வலக்காலில் உணர்வு எவ்வளவு இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உணர்வு குறைந்த கால் சிப்பியில் கிழிந்தாலும் தெரியாது, சுடுமணலில் வெந்தாலும் தெரியாது. சர்க்கரை நோயும் இருந்தால் சின்னக் கீறல்கூடப் பெரிய புண்ணாகலாம். ரப்பர் காலணியோடு தண்ணீரில் வைக்கட்டும். பின்னால் பட்டி உள்ளது நல்லது, அலையில் கழன்று போகாது. திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கு, குதிகால் எல்லாம் பார்த்துத் துடைத்துவிடுங்கள். ஈர உடையோடு அதே இருக்கையில் வெகுநேரம் உட்கார விடாதீர்கள், தோல் சீக்கிரம் உரிந்துவிடும். மாற்றுச் சேலையைவிட நைட்டியோ தளர்வான உடுப்போ மாற்றுவதற்குச் சுலபம்.

நண்பகலை ஒட்டிய வெயில் என்பதால் குடை, தொப்பி, தண்ணீர் எல்லாம் வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலருக்கு வெயிலில் சட்டென்று தலைசுற்றும். சிவகாமி அக்காவைப் போல முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். அடிபட்ட இடத்துக்குக் கீழே உடம்பு சரியாக வியர்க்காது, சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறும். கடற்கரையில் நிழல் அவர்களுக்கு மருத்துவத் தேவை. நாற்காலியின் கறுப்புக் கைப்பிடியையும் உலோகச் சட்டத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு உட்கார வையுங்கள்.

ஆடியில் காலை நேரத்தில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று பலத்த காற்றும் மழையும் இடியும் வருவதுண்டு. வானம் மேற்கே கறுத்தால் மணலில் இறங்கவே வேண்டாம். மற்றவர்கள் ஓடி ஒதுங்கிவிடலாம், சக்கர நாற்காலி மணலிலிருந்து அவசரமாகத் திரும்பாது.


கார்த்திக், பொங்கோல்:

நான் சென்னைக்காரன், இங்கே கட்டுமானப் பொறியாளர். மெரினாவில் நடந்ததைச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல வருடம் போராடிக் கேட்டதில், 2022 நவம்பர் 27 அன்று அங்கே நிரந்தர மரப்பாதை ஒன்றைத் திறந்தார்கள். 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.14 கோடி ரூபாய் செலவு. முதல் நாள் படங்களைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மெரினாவிலேயே வளர்ந்தவர்கள் முதல்முறையாக அலை ஓரத்துக்கு வந்து நின்றார்கள். திறந்து இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து பாதையின் கடல் பக்க முனையைப் பிய்த்துவிட்டது. "கடலில் போட்ட காசு" என்று எவ்வளவோ பேச்சு. ஆனால் சரிசெய்து மறுபடி திறந்தார்கள். கடற்கரையில் எதைக் கட்டினாலும் அடி வாங்கும், பராமரிப்புச் செலவையும் முதல் நாளே கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதுதான் நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது.

கிரீஸ் நாட்டில் வேறு மாதிரி. கரையிலிருந்து தண்ணீருக்குள் தண்டவாளம் போட்டு, அதன்மேல் ஓர் இருக்கை. சூரிய சக்தியில் இயங்கும், பொத்தானை அழுத்தினால் ஆளைத் தண்ணீருக்குள் கொண்டுபோய் விடும், திரும்பக் கொண்டுவரும். சீட்ராக் என்று பெயர். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கடற்கரைகளில் இருக்கிறது. உதவியாளர் இல்லாமலே போகலாம். ஆனால் மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, தண்ணீர் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும். நம்முடைய 3 மீட்டர் வித்தியாசத்துக்கு அதே தண்டவாளம் அப்படியே பொருந்தாது. இங்கே விரிப்புதான் பொருத்தம், தண்ணீர் போகும் இடத்துக்குக் கூடவே நீட்டிக்கொள்ளலாம்.


வசந்தி, தெம்பனிஸ்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அத்தையிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். வாளி வேண்டாம், தூக்கவும் வேண்டாம், பலகைதான் வேண்டுமாம். மூன்று முறை சொல்லிவிட்டார். ரவி அண்ணே, பலகையை மாற்றிப் போட ஆள் வேண்டும், நீங்களும் மகனும் வந்தால் பெரிய உதவி.

சிவகாமி அக்கா, இன்னும் இரண்டு கேள்விகள். பருத்த டயர் நாற்காலியை எங்கே போய்க் கேட்பது? அப்புறம், அத்தை இனி அடிக்கடி வெளியே வர வேண்டும் என்கிறார். ஒவ்வொரு முறையும் பலகை தூக்க முடியாது. சிரமமில்லாமல் அவரைக் கூட்டிப் போகக்கூடிய இடங்கள் எவை?


சிவகாமி, பிடோக்:

மூன்று முறை சொன்னாரா! எனக்கு அவரை நேரில் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

நாற்காலி: லெங்கோக் பாருவில் எனேபலிங் வில்லேஜ் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான எஸ்ஜி எனேபல் அமைப்பு நடத்தும் அந்த வளாகத்தில் உதவிக் கருவிகளைக் காட்டி விளக்கும் இடம் உண்டு. மணலுக்கான நாற்காலி யாரிடம் கிடைக்கும், இரவல் உண்டா என்று அங்கே கேட்டுப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு, முன்னால் ஒரே ஒரு பெரிய சக்கரத்தை மாட்டும் கருவியும் உண்டு. கால்பலகை மடங்காமல் ஒரே துண்டாக உள்ள நாற்காலியில்தான் அது சரியாக நிற்கும். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். காய்ந்த மணலில் முழு விடுதலை தராது, ஆனால் ஈர மணலிலும் புல்லிலும் சரளைக்கல்லிலும் எனக்கு உலகமே பெரிதாகிவிட்டது.

இடங்கள். கடல்தான் வேண்டும் என்றால் பிடோக் ஜெட்டி. கான்கிரீட் தரை, கடலுக்குள் 250 மீட்டர் நீளம், முழுக்க உருட்டிக்கொண்டே போகலாம். என் அப்பா அங்கே மீன் பிடிப்பார், நான் பக்கத்தில் இருப்பேன். தூண்டில் போடுகிறவர்கள் நகர்ந்து வழி விடுவார்கள், கொஞ்சம் கீழே கிடக்கும் நூலையும் கொக்கியையும் பார்த்துப் போக வேண்டும். தண்ணீரைத் தொட முடியாது, ஆனால் மூன்று பக்கமும் கடல் இருக்கும். வாரக் கடைசியிலும் பொது விடுமுறையிலும் பிடோக்கிலிருந்து 401ஆம் எண் பேருந்து பூங்காவுக்குள் வருகிறது. மற்ற நாள்களில், தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் 2024 ஜூனில் திறந்த மரின் பரேட் நிலையத்தில் இறங்கி, விரைவுச்சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை வழியாகப் பூங்காவுக்கு வரலாம்.

செந்தோசாவில் சிலோசோ கோட்டை வான்பாதை, 11 மாடி உயரம். மின்தூக்கி உண்டு, கட்டணம் இல்லை. மரங்களின் தலைக்கு மேலே இருந்து கடல் தெரியும். தெலுக் பிளாங்கா மலைப் பூங்காவின் வனப்பாதை ஒரு கிலோமீட்டருக்கு மேல், படி இல்லாமல் காட்டின் உச்சியில் வளைந்து வளைந்து போகும். இரும்புக் கிராதித் தரை என்பதால் கீழே பார்த்தால் சிலருக்குத் தலை சுற்றும், அத்தையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தோட்டம் பிடிக்கும் என்றால் ஹார்ட் பார்க்கில் 2016ல் தொடங்கிய நலந்தரும் தோட்டம். அங்கே செடித்தொட்டிகள் உயரமாக இருக்கும், உட்கார்ந்தபடியே கறிவேப்பிலையையும் துளசியையும் தொட்டு முகர்கிற மாதிரியான அமைப்பு.

உபின் தீவில் செக் ஜாவா மரப்பாதை சக்கர நாற்காலிக்கு ஏற்றது. ஆனால் சாங்கியிலிருந்து அங்கே போகும் சின்னப் படகில் நாற்காலியோடு ஏறுவதுதான் கஷ்டம். அக்கரையில் நல்ல பாதை போட்டுவிட்டு, போவதற்குப் படிக்கட்டும் ஆடும் படகும் வைத்திருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கும்.

போகும் இடங்களில் பாதை உடைந்திருந்தாலோ, தடுப்புக்கம்பிகளின் இடைவெளியில் நாற்காலி நுழையாவிட்டாலோ படம் எடுத்து ஒன்சர்வீஸ் செயலியில் அனுப்புங்கள். கூடவே "இங்கே தண்ணீர்வரை போகும் வழி வேண்டும்" என்று ஒரு வரி எழுதுங்கள். கடற்கரையில் சக்கர நாற்காலிகள் தென்படுவதில்லை, அதனால் தேவையில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வழி இல்லாததால்தான் நாங்கள் தென்படுவதில்லை.

இதை இப்போது கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஈஸ்ட் கோஸ்டுக்கு வெளியே கடலில் ஏறத்தாழ 800 ஹெக்டர் நிலம் மீட்டு லாங் ஐலண்ட் உருவாக்கும் திட்டத்தை 2023 நவம்பரில் அறிவித்தார்கள். கடல்மட்டம் உயர்வதிலிருந்து கரையைக் காக்கவும், நன்னீர் தேக்கவும் செய்யும் திட்டம். ஆய்வுகள் வருடக்கணக்காக நடக்கும். கரையே புதிதாக வரையப்படப் போகிறது. பாய்மரப் படகுச் சங்கங்களில் படகு இறக்கப் போட்டிருக்கும் கான்கிரீட் சரிவைப் பாருங்கள். கடல் ஏறினாலும் இறங்கினாலும் அது தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அதே சரிவைப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சாய்வில், இரு பக்கமும் கைப்பிடிக் கம்பியோடு, பாசி பிடித்து வழுக்காத சொரசொரப்பான தரையோடு, மனிதர்களுக்காகக் கட்டச் சொல்கிறேன். கார்த்திக் தம்பி, நீங்கள் பொறியாளர், இந்தச் சரிவை 3 மீட்டர் ஏற்ற இறக்கத்துக்கு வரைந்து பார்க்க முடியுமா? 36 மீட்டர் நீளமும் நடுநடுவே இளைப்பாறச் சமதளமும் வேண்டியிருக்கும் என்பது என் கணக்கு. நகர மறுசீரமைப்பு ஆணையம் கருத்துக் கேட்கும்போது கையில் ஒரு படம் இருந்தால் பேசுவது சுலபம்.

வசந்தி, ஐயரிடம் தர்ப்பண நேரத்தை இப்போதே பேசிவிடுங்கள். கடல் உச்சத்துக்கு வரும் நேரத்தைச் சொல்லி, அதற்கு அரை மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பலகையின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து வையுங்கள், சிலாம்பு கையில் ஏறும். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை நல்ல தண்ணீரில் அலசி, முன்சக்கரத்து அச்சில் சிக்கிய மணலைப் பழைய பல் துலக்கியால் எடுத்து, காய்ந்த பிறகு எண்ணெய் விடுங்கள். விட்டுவிட்டால் உப்பு அரித்து, சீக்கிரமே சக்கரம் இறுகிப்போகும்.